உடனே பேசவைத்தே ஆக வேண்டுமா?

பெங்களூரு ஈஜிபுரா பக்கம் வீட்டுக்குள் மழைநீர் புகுந்தவர்களை, நடந்ததை உடனே முழுக்கச் சொல்லவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் மனநோய் வரும் என்று மேலே ஓர் அண்ணா எழுதியிருக்கிறார். அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை அண்ணா.

ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறையைப் பெரியவர்களிடம் சோதித்த ஆய்வுகளை, மருத்துவ ஆதாரங்களை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2002-இல் தொகுத்துப் பார்த்தது. பின்னால் வரும் மனப் பாதிப்பை அந்த முறை தடுக்கவில்லை. தீக்காயம் பட்டவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், 13 மாதம் கழித்து, பேசவைக்கப்பட்டவர்களிடமே மனப் பாதிப்பு அதிகம். (அவர்களுக்குக் காயமும் சற்றுக் கடுமை என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

சந்தேகம் இருந்தால் காக்ரேன் நூலகத் தளத்தில் இந்த முறையின் ஆங்கிலப் பெயரான ‘சைக்கலாஜிக்கல் டீப்ரீஃபிங்’ (psychological debriefing) என்று தேடுங்கள், சுருக்கத்தை இலவசமாகவே படிக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2011 உளவியல் முதலுதவிக் கையேட்டையும் பாருங்கள். அவர்களாகப் பேசினால் கேளுங்கள், வற்புறுத்தாதீர்கள் என்கிறது.

இப்போது அந்த வீடுகளுக்குத் தேவை காய்ந்த பாய், குடிதண்ணீர், நனைந்த ரேஷன் கார்டை மாற்ற ஓர் ஆள். வாரக்கணக்கில் தூக்கம் வராமல் தவித்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.