கண்டனத்திலும் கிரேடு உண்டு

வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழில் தரும் வேலை எனக்கு. ரொம்ப நாளாக ஆங்கிலத்தில் 'கண்டெம்' (condemn, கண்டிப்பது) வந்தாலும், அதைவிட ஒரு படி மென்மையான 'டெப்ளோர்' (deplore, வருந்துவது) வந்தாலும் என் கை தானாகக் 'கண்டனம்' என்றுதான் தட்டச்சு செய்யும். நமக்குப் பஸ் கட்டணம் ஏறினாலும் 'வன்மையாகக் கண்டிக்கிறோம்', போர் மூண்டாலும் அதேதான், வேறென்ன.

2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தபோதுதான் உறைத்தது. மறுநாளே, 25ஆம் தேதி, ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஓட்டெடுப்பு. வரைவில் முதலில் இருந்தது 'கண்டெம்'. சீனா எதிர்த்து ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று அதை 'டெப்ளோர்' ஆக்கினார்கள். சீனா, இந்தியா, அமீரகம் மூன்றும் ஒதுங்கின, 11 நாடுகள் ஆதரித்தன, ரஷ்யா வீட்டோ போட்டது, கதை முடிந்தது. மார்ச் 2இல் பொதுச்சபையில் 141 நாடுகள் ஆதரித்த தீர்மானத்திலும் அதே 'டெப்ளோர்'தான், ஆனால் கூடவே 'இன் தி ஸ்ட்ராங்கெஸ்ட் டெர்ம்ஸ்' என்று ஒரு வால். இருப்பதிலேயே கடுமையான சொற்களில் சொல்கிறார்களாம்! அதைவிடக் கடுமையான சொல்லை ஐந்து நாள் முன்னால்தான் அடித்துப் போட்டார்கள்.

இதுகூடப் பரவாயில்லை, வெறும் மரியாதைக் கணக்கு. சொன்னால் கைக்காசு செலவாகும் என்கிற சொல் வரும்போதுதான் ஆங்கிலம் உண்மையாகவே திணறும். 1994இல் ருவாண்டாவில் துட்சி மக்களைக் கொன்று குவித்துக்கொண்டிருக்கிறார்கள். மே 1 தேதியிட்ட, பின்னாளில் வெளியான அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக் குறிப்பு ஒன்று, 'ஜெனோசைடு', அதாவது இன அழிப்பு, என்று சொல்லிவிட்டால் அரசு நிஜமாகவே 'ஏதாவது செய்ய' வேண்டி வரலாம், ஜாக்கிரதை என்கிறது. இன அழிப்பைத் தடுப்போம் என்ற 1948 ஒப்பந்தத்தில் அவர்களும் இருக்கிறார்களே, அந்த பயம். ஜூன் 10ஆம் தேதி வெளியுறவுத் துறைப் பேச்சாளர் நிருபர்களிடம் 'இன அழிப்புச் செயல்கள் நடந்திருக்கின்றன' என்று மட்டும் சொல்கிறார். செயல்கள் நடந்தன, இன அழிப்பு என்று மட்டும் வாயில் வராது. எத்தனை இன அழிப்புச் செயல்கள் சேர்ந்தால் ஓர் இன அழிப்பு ஆகும் என்று ராய்ட்டர்ஸ் நிருபர் கேட்டார். பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை என்றார் அந்த அம்மா.

சரி, என் வேலைக்கு வருகிறேன். போன வாரம் ஓர் அறிக்கையில் மறுபடியும் 'டெப்ளோர்'. கண்டனம் என்று அடித்ததை அழித்துவிட்டு 'மிகவும் வருந்தத்தக்கது' என்று மாற்றினேன். "என்னங்க இது, இரங்கல் செய்தியா?" என்று கேட்டுவிட்டு டெஸ்க்கில் திரும்பக் கண்டனமாக்கிவிட்டார்கள்.