உதவினால் வினை ஒட்டிக்கொள்ளுமா?

மண்சரிவில் வீடிழந்தோர் முற்பிறவி வினையையே அனுபவிக்கிறார்கள் என்றும், அவர்களுக்கு உதவுபவரை அந்த வினை பற்றும் எனக் கீதை சொல்கிறது என்றும் இலங்கையின் மலையகத்தில் வாட்ஸ்அப் வழியே பரவும் செய்தி தவறானது. அப்படியொரு சுலோகம் கீதையில் இல்லை. நான்காம் அத்தியாயத்தின் 5ஆம் சுலோகத்தில், நம் இருவருக்கும் பல பிறவிகள் கழிந்தன, அவற்றை நான் அறிவேன், நீ அறியாய் என்று கண்ணன் அருச்சுனனுக்கே கூறியிருக்க, லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், வாழும் ஒருவரின் பழவினையைக் கணக்கிட்டுச் சொல்பவர் அதை எங்கே கண்டாரோ! 17ஆம் அத்தியாயமோ, கைம்மாறு கருதாமல், தகுந்த இடத்திலும் காலத்திலும் கடமையெனக் கொடுப்பதையே சாத்துவிக தானம், அதாவது தூய தானம், என்கிறது. சைவ சித்தாந்தமும் வினைப்பயனை உயிரைப் பற்றிய ஆணவம் முதலிய அழுக்காகிய மலம் நீங்குவதற்கான வழியாகவே காண்கிறது. துன்புறுபவரைக் கைவிடச் சொல்லவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களைப் புதைத்ததும் எவருடைய பழவினையும் அல்ல, கனமழையில் ஊறித் தளர்ந்த மலைச்சரிவு.