கற்பித்தல் இருபக்கமும் நடக்க வேண்டும்
மூத்த ஊழியர்களுக்குக் கணினி பழக்கிவிட்டால் அலுவலகத்தில் தலைமுறை இடைவெளி தீர்ந்துவிடும் என்கிறார் இந்தக் கட்டுரையை எழுதியவர். பாதிதான் சரி. நான் யாழ்ப்பாணத்தில் காணிப் பத்திரங்கள் எழுதிச் சான்றுபடுத்தும் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இங்கே பழைய உறுதிகளில், அதாவது காணிப் பத்திரங்களில், காணி அளவு லாச்சம் என்ற உள்ளூர் நில அளவில்தான் இருக்கும். நெற்காணியானால் 24 லாச்சம் ஒரு ஏக்கர், வரகு விதைக்கும் மேட்டுக் காணியானால் 16. இது தெரியாமல் புதிதாக வந்த தம்பி வயற்காணியொன்றை 16ஆல் வகுத்துத் தட்டச்சு செய்துவிட்டார். எங்கள் மூத்த எழுதுவினைஞர் ஐயா கோபிக்கவில்லை. பழைய உறுதியை விரித்து, அந்த வரியின்கீழ் விரலை வைத்து, பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினார். காணி அளவு பிழைத்தால் கூடப்பிறந்தவர்களே வழக்காடும் ஊர் இது! அதே தம்பிதான் ஐயாவுக்கு ஸ்கேன் செய்யப் பழக்குகிறார். 'வயதானவர்கள் விலகி இளையவர்களுக்கு இடம்விட வேண்டும்' என்று இந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய நண்பரே, லாச்சக் கணக்கை யாரிடம் போய்க் கேட்பது?