சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் குடித்தால் செரிமானம் நின்றுவிடுமா?

"சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் இரைப்பை அமிலம் நீர்த்துப்போய், சோறு வயிற்றிலேயே அழுகும்" என்ற வாட்ஸ்அப் செய்தி மறுபடியும் சுற்றுகிறது. அது தவறு.

இரைப்பை ஒரு முறை அமிலம் ஊற்றி வைத்த குடம் அல்ல. ரசம் கொதிக்கும் வாசனை மூக்கில் ஏறும்போதே மூளையிலிருந்து வேகஸ் நரம்பு வழியாக அமிலம் சுரக்கச் சொல்லி உத்தரவு போய்விடுகிறது. சோறு விழுந்து இரைப்பைச் சுவர் விரிந்ததும், அதன் கீழ்ப்பகுதிச் செல்கள் காஸ்ட்ரின் ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன. அமிலம் இன்னும் கூடுகிறது. அமிலத்தின் கடுமையைக் காட்டும் பிஎச் எண் 3க்குக் கீழே இறங்கினால், அதாவது அமிலம் மிகுந்தால், காஸ்ட்ரின் தானாகவே குறையும். ஒரு டம்ளர் தண்ணீரால் அமிலம் சற்றே நீர்த்தாலும் இந்த ஏற்பாடு ஈடுகட்டிவிடும். தண்ணீரும் அங்கே தங்குவதில்லை, சீக்கிரமே சிறுகுடலுக்கு இறங்கிவிடும்.

அமிலம் சிறுகுடலைத் தொட்டதும் செக்ரிட்டின் என்ற ஹார்மோன் சுரந்து, அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டைக் கணையத்திலிருந்து வரவழைக்கிறது. 1902இலேயே லண்டனில் உடலியங்கியல் ஆய்வாளர்கள் பேலிஸும் ஸ்டார்லிங்கும் கண்டறிந்தது இது. எந்த மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் பாடநூலிலும் செரிமானச் சுரப்புகள் பற்றிய பகுதியில் பார்க்கலாம்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரே மூச்சில் நிறையக் குடித்தால் வயிறு உப்பி, அமிலம் மேலே ஏறலாம். அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும்.

அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி, விக்கல் எடுக்கும் பெரியவர்களுக்குக்கூடத் தண்ணீர் தர வீட்டில் தயங்குகிறார்கள். தயவுசெய்து இந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.