அளக்காத எஞ்சினுக்கு எதுக்கு ஸ்டாக் கிளாஸ் கப்பு?

பைக் ரேஸ் நடத்துறவங்களே, ஸ்டாக் கிளாஸ்னு, அதாவது கம்பெனி எஞ்சினை மாத்தாம ஓட்டுற பிரிவுன்னு பேர் வச்சு நுழைவுக் கட்டணம் வாங்குறீங்க. ரேஸுக்கு முன்னாடி நடக்குற ஸ்க்ரூட்டினி சோதனையில என்ன பாக்குறீங்க? ஹெல்மெட், சூட், கிளவுஸ், கில் ஸ்விட்ச், பிரேக். அதெல்லாம் உயிர் சம்பந்தப்பட்டது, பாக்கத்தான் வேணும். எஞ்சின்? குனிஞ்சு சைலன்ஸரைப் பாத்து, ஏர் ஃபில்டர் பாக்ஸ் இருக்கான்னு தட்டிட்டு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிடுறீங்க. இருபது செகண்டுக்குள்ள முடியுற ஓட்டத்துல அரை செகண்டைத் திருடுற வேலை முழுக்க ஹெட்டுக்கு (சிலிண்டரோட மேல் மூடிக்கு) கீழயும் வால்வு கவருக்கு உள்ளயும்தான் நடக்குது. அங்க ஒருத்தரும் ஸ்பானர் வைக்கிறதில்ல.

இருங்காட்டுக்கோட்டை மாதிரி ஒரு ரேஸ் டிராக் பக்கத்துலயே இருக்குற ஊர் நம்ம சென்னை. ஜி.பி. ரோடு, புதுப்பேட்டைன்னு பார்ட்ஸுக்கும் பஞ்சமில்ல, அம்பத்தூர்ல லேத்துக்கும் பஞ்சமில்ல. இந்த ஊர்ல அளக்கத் தெரிஞ்ச ஆள் கிடைக்கலன்னு சொன்னா யார் நம்புறது?

முதல் கோளாறு ரூல் புத்தகத்துலயே இருக்கு. "எஞ்சின் கம்பெனி நிலையில் இருக்க வேண்டும்"னு ஒரே வரி. எந்த நிலை? நம்பர் எங்க? யமஹா ஆர்15 வெர்ஷன் 2-ன்னா போர் (சிலிண்டரோட உள் விட்டம்) 57 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 58.7 மிமீ, கம்ப்ரஷன் (எத்தனை மடங்கு அமுக்குதுங்கிற கணக்கு) 10.4:1னு எழுதணும். ஒவ்வொரு மாடலுக்கும் இப்படி ஒரு வரி எழுத ஒரு சாயங்காலம் போதும். அதுக்குப் பதிலா எல்லா வண்டிக்கும் சேர்த்து "0.50 ஓவர்சைஸ் அனுமதி"ன்னு, அதாவது போர் அரை மில்லி பெருசா இருக்கலாம்னு போட்டுடுறாங்க. சிலிண்டருக்குள்ள இரும்பு ஸ்லீவ் (குழாய்) இருக்குற எஞ்சினுக்கு அது நியாயம், தேய்ஞ்சா உள்ள கடைஞ்சு பெருசாக்கி ரீபோர் போட்டுத்தான் ஆகணும். ஆர்15-ல இருக்குறது டயாசில்ங்கிற அலுமினியம்-சிலிக்கான் சிலிண்டர், ஸ்லீவே கிடையாது, அதுக்கு ரீபோரும் கிடையாது. அந்த பிளாக்குல 57.5 பிஸ்டன் ஓடுதுன்னா தனியா ஸ்லீவ் இறக்கியிருக்காங்கன்னு அர்த்தம். ஸ்லீவ் இறக்குனவன் அரை மில்லியோட நிப்பாட்டுவானா? 62 மிமீ பிஸ்டன் போட்டா அதே ஸ்ட்ரோக்ல 177 சிசி. வெளியில இருந்து பாத்தா அதே வண்டிதான்.

ஹெட் ஃபேஸ் அடிக்கிறது, அதாவது ஹெட்டோட அடிமுகத்தைச் சீவுறது, இதைவிட சுலபம். 149.8 சிசிக்கு 10.4 கம்ப்ரஷன்னா பிஸ்டன் உச்சியில மிஞ்சுற இடம் 15.9 சிசி வரணும். அரை மில்லி சீவுனா சுமார் 1.2 சிசி குறையும், கம்ப்ரஷன் 11.2-க்குப் போயிடும். இதைக் கண்டுபிடிக்க ஹெட்டைக் கழட்டவே வேண்டாம். எஞ்சின் நல்லா ஆறணும், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்ல பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து எல்லா வால்வும் மூடியிருக்கான்னு பாக்கணும், பிளக் ஓட்டை நேரா மேல பாக்குற மாதிரி வண்டியைச் சாய்க்கணும். அப்புறம் காலேஜ் லேபுல கிடக்குற மாதிரி ஒரு பியூரெட்டுல மெல்லிசான ஆயில். பிளக் மரையோட அடி வரைக்கும் நிரப்பி எவ்வளவு இறங்குச்சுன்னு படிச்சா போதும். காத்துக் குமிழி நின்னா கணக்கு தப்பும், ரொம்ப நேரம் விட்டா ரிங் வழியா கசியும், அதனால ரெண்டு மூணு தடவை எடுங்க. ஒரு வண்டிக்கு கால் மணி நேரம்!

ஹெட்டைக் கழட்டி போர் அளக்குற சில இடத்துலயும் கொடுமை வேற. ஓடி முடிச்ச சூட்டோட வெர்னியரை வச்சு பிளாக்கோட வாயில ஒரு அளவு. அறுபது டிகிரி கூடுதல் சூட்டுல 57 மிமீ அலுமினிய போர் 0.08 மிமீ விரியும். ஒழுங்கா வந்த பையன் அதுல மாட்டிக்குவான். போர் கேஜ்ல மூணு ஆழத்துல, குறுக்க ஒண்ணு நெடுக்க ஒண்ணுன்னு எடுத்தாத்தான் அது அளவு.

வால்வைத் திறக்குற கேம் தண்டு விஷயம்தான் வயிறு எரிய வைக்குது. சர்வீஸ் மேனுவல்ல லோபோட (கேம்ல வால்வைத் தள்ளுற மேட்டோட) மொத்த உயரம் இருக்கும், மைக்ரோமீட்டர்ல அதை மட்டும் பாத்துட்டு பாஸ் பண்ணிடுறாங்க. கேமை ரீகிரைண்ட் பண்றவன் மேட்டோட மூக்கைத் தொடமாட்டான், மேடு இல்லாத அடிவட்டத்தைச் சீவுவான். மொத்த உயரம் கொஞ்சம் குறைஞ்சு தேய்மானம் மாதிரிதான் தெரியும், ஆனா லிஃப்ட் (வால்வைத் தூக்குற அளவு) ஏறியிருக்கும், டாப்பெட் இடைவெளியை அட்ஜஸ்ட் பண்ணிட்டா சத்தமும் காட்டாது. லிஃப்ட்ங்கிறது உயரத்துல அடிவட்டத்தைக் கழிச்சது. டாப்பெட் கேப்பை ஜீரோவாக்கி, வால்வு ஸ்பிரிங்கைப் பிடிச்சிருக்குற ரீட்டெய்னர் மேல டயல் கேஜ் வச்சு, கிராங்கை ரெண்டு முழுச் சுத்து சுத்திப் பாருங்க. பக்கத்துல ஷோரூம்ல வாங்குன புது கேம் ஒண்ணு இருக்கட்டும், ஒப்பிட.

டூ-ஸ்ட்ரோக் வண்டியான ஆர்எக்ஸ்100 கிளாஸைப் பத்தி தனியா சொல்லணும். போரும் ஸ்ட்ரோக்கும் 50-க்கு 50, 98 சிசி, அது எப்பவும் சரியாத்தான் இருக்கும். ஆனா எக்ஸாஸ்ட் போர்ட்டை (சிலிண்டர் சுவத்துல புகை வெளிய போற ஓட்டையை) ஒரு மில்லி மேல ஏத்துனா திறந்திருக்குற நேரம் கிட்டத்தட்ட 5 டிகிரி கூடிடும். சிசியை மட்டும் அளந்து அனுப்புறவங்க அளக்கவே இல்லைன்னுதான் அர்த்தம். பிளாக்கோட மேல் முகத்துல இருந்து போர்ட் விளிம்பு வரைக்கும் ஆழம் எடுங்க. பிளாக்குக்கு அடியில தடிமனான கேஸ்கட் வச்சு பிளாக்கையே தூக்கி ஏமாத்தியிருந்தா அது பிடிபடாது, அதனால கிராங்க் எத்தனை டிகிரி சுத்துதுன்னு காட்டுற டிகிரி வீலும் மாட்டுங்க.

கேட்டா "புரொடெஸ்ட் குடுங்க, பணம் கட்டுங்க"ன்றாங்க. எதிராளி எஞ்சினைப் பிரிக்க நான் ஏன் பணம் கட்டணும்? கேஸ்கட் செட் காசையும் மெக்கானிக் கூலியையும் நுழைவுக் கட்டணத்துலயே சேருங்க, எல்லாரும் கட்டுறோம். இதுல புகார் குடுத்தவன் பொறாமைக்காரன்னு பேர் வாங்குறான், சம்பளத்துல மிச்சம் பிடிச்சு டயரும் கிளட்ச் பிளேட்டும் மாத்தி வந்த பையன் அடுத்த மீட்டுக்கு வர்றதில்ல. அவன் ராத்திரி ஈசிஆர் ரோட்டுல ரேஸ் ஓட்டப் போனா அந்தப் பாவத்துல உங்களுக்கும் பங்கு இருக்கு.

அடுத்த மீட்டுல இதைச் செய்யுங்க. ஒவ்வொரு கிளாஸ்லயும் முதல் மூணு வண்டி ஃபினிஷ் லைன்ல இருந்து பேடாக் (டீமுங்க வண்டியை ரெடி பண்ற இடம்) பக்கமே போகாம நேரா பூட்டுன இடத்துக்குப் போகட்டும். ஹெட் நட்டுல ஓட்டை போட்டு கம்பி கோத்து நம்பர் போட்ட ஈய சீல் அடிங்க, பெயிண்ட் மார்க் வேண்டாம், அதை எவன் வேணாலும் மறுபடி பூசிடுவான். ஒரு மணி நேரம் ஆறட்டும். அளங்க. போர், ஸ்ட்ரோக், ஹெட் சிசி, கேம் லிஃப்ட்டுன்னு வந்த நம்பரை வண்டி நம்பரோட எல்லாரும் பாக்குற மாதிரி போர்டுல எழுதுங்க. அதுக்கப்புறம் கப்பைக் குடுங்க.