அம்மாவின் அடிடாஸ்

போன சனிக்கிழமை ஈப்போவில் ஒரு பேரங்காடிக்குப் போயிருந்தோம். பள்ளி ஓட்டப்போட்டி வருகிறது, மூத்தவனுக்குச் சப்பாத்து வாங்க வேண்டும். கொல்லையில் புல் பிடுங்கிக்கொண்டிருந்த அம்மாவை அப்படியே காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டோம். அவர் காலில் கறுப்பு ரப்பர் சப்பாத்து, ஓரத்தில் காய்ந்த மண். கடைக்காரப் பையன் முதலில் காலைப் பார்த்தான், அப்புறம்தான் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, மலிவு விலைச் சரக்கு அந்த மூலையில் இருக்கிறது என்று என்னிடம் கை காட்டினான். சரி, அவன் பிழைப்பு அது. ஆனால் மூத்தவன் பாட்டியை விட்டு நாலு எட்டு தள்ளிப் போய் நின்றான் பாருங்கள், அதுதான் இரண்டு நாளாக மனத்தில் கிடந்து உறுத்துகிறது.

அந்தச் சப்பாத்துக்கு மலேசியாவில் 'அடிடாஸ் கம்போங்' என்று பெயர். வெளிநாட்டு நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: முழுக்க ரப்பர், ஒரே வார்ப்பு, கயிறு கிடையாது, அடியில் குமிழ் குமிழாக முள். தண்ணீர் புகுந்தால் உதறிவிட்டு நடக்கலாம். போன மாதம் 12 வெள்ளிக்கு (ரிங்கிட்டைத்தான் நாங்கள் வெள்ளி என்போம்) வாங்கிக் கொடுத்தேன். அந்த ஜெர்மன் கம்பெனிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெரிய கடைச் சப்பாத்து வாங்க முடியாத சனங்கள் தங்களையே கிண்டல் செய்துகொண்டு வைத்த பெயர். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அம்மா 28 வருடம் பால் வெட்டினார். விடியற்காலை இருட்டு, பனியில் நனைந்த புல், மேடும் பள்ளமுமான மர நிரை, அட்டை வேறு. வழுக்காமல் மரத்துக்கு மரம் ஓட இதைத் தவிர வேறு எந்தச் சப்பாத்தும் தாங்காது. இன்றைக்கு மலையேறுகிறவர்கள் இதைத் தேடி வாங்கிப் போகிறார்கள்.

இப்போது அசல் அடிடாஸ் கதைக்கு வருவோம். ஜெர்மனியில் பவேரியா பக்கம் ஹெர்ட்சோகனவுராக் என்று ஒரு சின்ன ஊர். (ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்.) முதல் உலகப் போர் முடிந்து வந்த அடி டாஸ்லர், அம்மா துணி வெளுக்கும் அறையில் சப்பாத்து தைக்க ஆரம்பித்தார். மின்சாரம் ஒழுங்காக இல்லாததால் சைக்கிளை மிதித்து இயந்திரத்தை ஓட்டினார்களாம். அண்ணன் ருடோல்பும் சேர்ந்துகொள்ள, 1924இல் 'டாஸ்லர் சகோதரர்கள்' கம்பெனி பதிவானது. அண்ணன் வியாபாரம் பார்க்க, தம்பி பட்டறை பார்த்தார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கறுப்பின வீரர் ஜெசி ஓவன்ஸ் 4 தங்கம் வென்றபோது அவர் காலில் இருந்தது இவர்களின் முள் சப்பாத்து. அண்ணன் தம்பி இருவருமே 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர்கள் என்பதையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். விளம்பரத்தில் முதல் பாதிதான் வரும்.

போர் முடிந்ததும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1948இல் கம்பெனி உடைந்தது. அதே 1948 ஜூனில்தான் எங்கள் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் மூவர் சுடப்பட்டு அவசரகாலம் (கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ஆங்கில அரசு கொண்டுவந்த நெருக்கடி நிலை) பிறந்தது. எங்களுக்கு அந்த வருடம் என்றால் அதுதான் ஞாபகம். அங்கே ருடோல்ப் ஆற்றைத் தாண்டிப் போய் 'பூமா' ஆரம்பித்தார். தம்பி தன் பெயரின் தலையையும் குடும்பப் பெயரின் முன்பாதியையும் ஒட்டி 1949இல் 'அடிடாஸ்' என்று பதிவு செய்தார். ஊரே இரண்டாகப் பிரிந்துபோனது. ரொட்டிக் கடை தனி, மதுக்கடை தனி. எதிரே வருகிறவன் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிய எல்லாரும் முதலில் குனிந்து காலைப் பார்ப்பார்களாம். அதனால் அதற்குக் 'குனிந்த கழுத்துகளின் ஊர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அண்ணனும் தம்பியும் ஒரே இடுகாட்டில், ஆளுக்கொரு கோடியில் கிடக்கிறார்கள்.

ஈப்போக் கடையில் நின்றபோது எனக்கு அந்த ஊர்தான் ஞாபகம் வந்தது.

மூத்தவன் சொன்னான், "பாட்டியோடது டூப்ளிகேட்பா." எது அசல்? அடிடாஸின் அந்த மூன்று கோடு முதலில் பின்லாந்தின் கர்ஹு என்ற சப்பாத்துக் கம்பெனியுடையது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் பிறகு கொஞ்சம் பணமும் இரண்டு பாட்டில் விஸ்கியும் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டோம் என்று கர்ஹுகாரர்களே சொல்லி வருகிறார்கள். நைக்கி? 1964இல் பில் நைட்டும் அவருடைய பயிற்சியாளர் பில் பவர்மேனும் ஆளுக்கு 500 டாலர் போட்டு ஆரம்பித்தபோது அதற்கு 'புளூ ரிப்பன்' என்று பெயர். விற்றதோ ஜப்பானின் ஒனிட்சுகா டைகர் சப்பாத்து. ஓட்டப்போட்டி நடக்கும் திடல்களில் காரின் பின்பக்கத்தைத் திறந்து வைத்து விற்றார் நைட். நம் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) வியாபாரிக்கும் அவருக்கும் அன்றைக்கு என்ன வித்தியாசம்? 1971இல் ஒனிட்சுகாவை விட்டுத் தனியாகப் பிரியும் நேரத்தில் அந்த வளைந்த குறியை வரைந்து கொடுத்த மாணவி கேரலின் டேவிட்சனுக்குக் கொடுத்தது 35 டாலர். பிற்பாடு பங்குகள் கொடுத்தார்கள் என்பது வேறு கதை.

போலிச் சரக்குக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பாசார் மாலாமில் நாலு கோடு போட்ட சப்பாத்து ஒன்று வாங்கி, மூன்றாம் வாரம் அடிப்பாகம் வாயைப் பிளந்து, திடலிலிருந்து வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தவன் நான். ஆனால் அம்மாவின் சப்பாத்து போலி இல்லை. கோடும் கிடையாது, எழுத்தும் கிடையாது. பெயர் மட்டும்தான் கடன்.

இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்கர் சார்லஸ் குட்இயர் 1839இல் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தக் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் இந்த வியாபாரமே கிடையாது. கான்வர்ஸ் 1908இல் ரப்பர் சப்பாத்துக் கம்பெனியாகத்தான் பிறந்தது. எங்களுக்குப் பக்கத்தில் கோல கங்சாரில் 1877இல் நட்ட கித்தா (ரப்பர்) மரங்களில் ஒன்று இன்னமும் நிற்கிறது, வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். உலகத்துக் கால்களுக்கு அடியில் போன பாலில் எங்கள் சனம் வெட்டியதும் உண்டு. வெட்டியவர்களில் பலர் வெறுங்காலோடு நின்றவர்கள். இந்தப் பாடத்தைப் பள்ளியில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கடைசியில் 459 வெள்ளிக்கு வாங்கித்தான் கொடுத்தேன், மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா பெட்டியைத் திறந்து ஒரு சப்பாத்தை எடுத்தார். அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். வளைத்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"இதுல பாலே இல்லையேப்பா," என்றார்.

உண்மைதான். நடுவில் இருக்கும் மெத்தை பெட்ரோலியத்திலிருந்து செய்த நுரை.

"எவ்வளவு?" என்று கேட்டார். மூத்தவன் என் முகத்தைப் பார்த்தான்.

"நூறு வெள்ளிம்மா," என்றேன்.

"நூறு வெள்ளியா!" என்று சப்பாத்தை மெல்லப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார்.