ஏசி ரிமோட் யார் கையில்?

கொழும்பில் ஒரு அலுவலகத்தைச் சூழலுக்கு உகந்ததாக மாற்றலாமே என்று பேச்செடுத்தால், முதலில் சோலார் பேனல்தான் வரும். அடுத்து, "அவ்வளவு காசுக்கு எங்கே போவது?" அதோடு பேச்சு முடிந்துவிடும். வாடகைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இயங்கும் சின்ன அலுவலகத்துக்குக் கூரையே சொந்தமில்லை, உண்மைதான். ஆனால் காசே போடாமல் செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. நம்மில் யாரும் அதைத் தொடுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஏசியையே எடுங்கள். 18இல் ஓடவிட்டு, சால்வை போர்த்திக்கொண்டு வேலை செய்யும் பிள்ளைகளை எத்தனை அலுவலகங்களில் பார்க்கிறோம்? ஒரு பாகை கூட்டினாலே ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்று இந்திய மின்சார அமைச்சு 2018இல் சொன்னது. 26இல் வைத்து ஒரு ஃபேனையும் போட்டால் யாருக்கும் வியர்க்காது. காலி வீதியின் கடற்பக்கக் கட்டடங்களில் பின்னேரம் மூன்று மணிக்குமேல் மேற்கு வெயில் கண்ணாடியில் நேரே அடிக்கும். அதற்கு முன்பே திரையை இழுத்துவிட வேண்டும். ஏசியின் ஃபில்டரை அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டும். இவ்வளவுதான். ஆனால் "சேர் ஏசுவார்" என்ற பயத்தில் ரிமோட்டை யாரும் தொடமாட்டார்கள். அதனால் அந்த சேர்தான் முதலில் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

பிரிண்டரில் இரண்டு பக்கமும் அச்சாகும்படி ஒருமுறை செட்டிங்கை மாற்றினால் போதும், பிறகு யாரும் நினைவு வைத்திருக்கத் தேவையில்லை. 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளையே தள்ளிப்போட்டார்கள். அந்தத் தட்டுப்பாட்டை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோம். அப்புறம், இரவிரவாக வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருக்கும் தண்ணீர் மெஷினை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

எனக்கு மிகவும் மனம் பொறுக்காத விஷயம் மதியச் சாப்பாடு. பொலித்தீன் லஞ்ச் ஷீட்டை 2017 செப்டெம்பரிலேயே தடை செய்தார்கள். இன்றும் அது மேசைக்கு வருகிறது. சாப்பிட்டு முடித்ததும் மிச்சச் சோறு, பருப்பு, மீன் முள் எல்லாவற்றையும் அதிலேயே மடித்து, மேசைக்குக் கீழே தாள் போடும் கூடையில் போடுகிறோம். பருப்பு ஒழுகிக் கீழே இருக்கும் தாள் முழுவதும் ஊறிப்போகிறது. காலையில் அந்தத் தாளைப் பழைய பேப்பர்காரர் வாங்கியிருப்பார். பின்னேரம் அது வெறும் குப்பை. அதைக் கையால் பிரிக்க வேண்டியிருப்பது சுத்தம் செய்யும் அக்காதான்.

மேசைக்கு மேசை இருக்கும் கூடைகளை எடுத்துவிட்டு, சாப்பிடும் இடத்தில் மூடியுள்ள ஒரு வாளி, பிரிண்டருக்குப் பக்கத்தில் தாளுக்கு ஒரு பெட்டி வைத்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். எதை எங்கே வைப்பது என்பதை அந்த அக்காவிடமே கேளுங்கள். யார் என்ன வீசுகிறார்கள் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அலுவலகத்தில் யாருமில்லை. பத்துப் பன்னிரண்டு சாப்பாட்டுத் தட்டுகள் வாங்கி வைத்தால் வீட்டுச் சாப்பாடு கொண்டுவருபவர்களும் கூடுவார்கள்.

நாம் வீசுவது எங்கேயோ போய்விடுவதில்லை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று மீதொட்டமுல்லையில் மலையாகக் குவிந்து சரிந்து விழுந்தது கொழும்பின் குப்பைதான். முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மலையில் நம் அலுவலகங்களின் சோற்றுப் பார்சல்களும் இருந்தன.

ஒன்றுக்கு மட்டும் எனக்கு இன்னும் சரியான வழி கிடைக்கவில்லை. மண்ணே இல்லாத மாடிக் கட்டடத்தில், வாளியில் சேரும் மிச்சச் சோற்றை என்ன செய்வது? பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டிப் பக்கம் வேலை செய்கிறவர்களில் யாராவது கொம்போஸ்ட் செய்கிறீர்களா, இல்லை யாரிடமாவது கொடுக்கிறீர்களா? மணக்காமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.